விடிய விடிய ஒரு சேலை

"இன்னா சார், கூத்துக்கா?"

செவிலிமேட்டில் ஒரு டீக்கடை. சாயங்காலம் ஆறரை மணி. கேட்டவர் நெசவாளி. அறுபது வயசு இருக்கும். தறியிலிருந்து எழுந்து நேராக டீக்கு வந்திருக்கிறார் என்பது சட்டையில் ஒட்டியிருந்த பட்டு இழையில் தெரிந்தது. என் தோளில் பை, கையில் சால்வை, கூடவே ஒரு ஃபிளாஸ்க். பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டார்.

"ஆமாங்க. அக்கரையில இன்னிக்கு பகடை துகில்னு சொன்னாங்க."

"முழு ராத்திரியும் உக்காருவீங்களா?"

"உக்காரணும்னுதான் வந்திருக்கேன்."

டீயை ஒரு மடக்கு குடித்துவிட்டுச் சொன்னார். "கோர்வைப் புடவை ஒண்ணு நெய்ய எங்களுக்குப் பதினஞ்சு நாளு ஆவுது சார். தறியில ரெண்டு பேர் உக்காரணும். அவனுங்க ஒரே ராத்திரில உருவிடறானுங்க."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "எங்க வூட்டுக்காரம்மாவும் வரேன்னுது. பாக்கலாம்" என்று கிளம்பிப் போய்விட்டார்.

செவிலிமேடு, காஞ்சிபுரத்தின் தெற்கு ஓரம். முன்பு தனிப் பேரூராட்சி, இப்போது மாநகராட்சிக்குள் வந்துவிட்டது. ஊரைத் தாண்டினால் பாலாற்றுப் பாலம். வருஷத்தில் முக்கால்வாசி நாள் அந்தப் பாலத்துக்குக் கீழே தண்ணீரைத் தவிர எல்லாம் இருக்கும். அந்தப் பக்கம் போனால் வந்தவாசி, செய்யாறு. இந்த ஊரில்தான் சாலைக் கிணறு இருக்கிறது. விந்தியக் காட்டில் தனியாகத் தவித்த ராமானுஜரை, பெருமாளும் தாயாரும் வேடனும் வேடுவச்சியுமாக வேஷம் போட்டுக் கூட்டிவந்து விட்ட இடம் என்பார்கள். குடிக்கத் தண்ணீர் கேட்டார்கள். மொண்டு கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம். கண்ணெதிரே வரதர் கோயில் விமானம்! வேஷம், வசனம், சரியான நேரத்தில் மறைந்துபோவது... நாடகம் பார்க்கப் போகிறவனுக்கு இதைவிட நல்ல சகுனம் வேண்டுமா?

*

நீங்கள் கடைசியாக ஒரு நாடகத்தை முழுசாகப் பார்த்தது எப்போது? யோசித்துச் சொல்லுங்கள்.

நமக்கு நாடகம் என்றால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சபாவில் ரெண்டு மணி நேரம். நடுவில் இடைவேளை, காபி, போண்டா. லண்டனில் ஒரு நாடகக் கம்பெனி ஷேக்ஸ்பியரையும் நேற்று எழுதிய நாடகத்தையும் ஒரே சீசனில் மாற்றி மாற்றிப் போடுகிறது, அதே நடிகர்கள் ஒரு நாள் ராஜாவாகவும் மறுநாள் குடிகாரனாகவும் வருகிறார்கள் என்று பேப்பரில் படித்தால் வாயைப் பிளக்கிறோம். "நம்ம ஊர்ல இதெல்லாம் எங்கே சார்" என்கிறோம்.

நம்ம ஊரில்தான் சார். பாலாற்றுக்கு அந்தப் பக்கம்.

வட மாவட்டங்களில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவுக்குப் பெயரே 'பாரதம்'. பகலில் பிரசங்கியார் மகாபாரதம் சொல்வார். அன்று சொன்ன பகுதியை ராத்திரி கூத்தாக ஆடுவார்கள். பத்து ராத்திரி நடக்கும், ஊரைப் பொறுத்து அதற்கு மேலும் போகும். வில் வளைப்பு, சுபத்திரை கல்யாணம், ராஜசூயம், பகடை துகில், அர்ச்சுனன் தபசு, திரௌபதி குறவஞ்சி, கீசகன் வதம், கிருஷ்ணன் தூது, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர். கடைசி நாள் படுகளம். மைதானத்தில் மண்ணால் செய்த பிரம்மாண்டமான துரியோதனன் மல்லாந்து கிடப்பான். பீமன் வேஷக்காரர் அவன் தொடையைப் பிளப்பார். திரௌபதி கூந்தலை முடிவாள். சாயங்காலம் தீமிதி.

இது சீசன் இல்லாமல் வேறென்ன? பத்துப் பதினைந்து பேர் கொண்ட ஒரு கம்பெனி. வெற்றிலை பாக்கு வைத்து ஒப்பந்தம். இன்று துரியோதனனாக வருகிறவர் நாளை கீசகன், மூன்றாம் நாள் கர்ணன். ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பித்தால் விடிந்துதான் முடிப்பார்கள். அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டு வேனில் ஏறினால், அன்று ராத்திரி வேறு ஊரில் வேறு நாடகம். சேர்ந்தாற்போல் இத்தனை ராத்திரி இத்தனை வேஷங்களை மனப்பாடமாகச் சுமக்கிற நடிகர்களை லண்டனில் தேட வேண்டியதில்லை.

இந்த ஆட்டத்தின் பெயரிலேயே ஒரு வழக்கு இருக்கிறது. நாம் 'தெருக்கூத்து' என்கிறோம். ஆடுகிறவர்களில் பலருக்கு அந்தப் பெயர் பிடிப்பதில்லை. 'தெரு' என்று சேர்த்தாலே நம் மனசில் ஒரு படி கீழே இறங்கிவிடுகிறது அல்லவா? கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம் என்று மரத்தில் செய்து கண்ணாடிச் சில்லும் ஜிகினாவும் பதித்த அணிகளுக்குக் 'கட்டை' என்று பெயர். அதைக் கட்டி ஆடுவதால் இது 'கட்டைக்கூத்து'. 1990-ல் கலைஞர்களே சேர்ந்து தங்களுக்கு ஒரு சங்கம் வைத்தபோது, கட்டைக்கூத்துச் சங்கம் என்றுதான் பெயர் வைத்தார்கள். அது இருப்பது செவிலிமேட்டுப் பாலத்துக்கு அக்கரையில், ஐயங்கார்குளத்துக்குப் பக்கத்தில், புஞ்சரசந்தாங்கல் கிராமத்தில்.

*

இப்போது ஒரு சின்னக் குற்றப்பத்திரிகை. கூத்தைப் பற்றிப் பத்திரிகைகளில் எழுதுகிறவர்கள் எல்லோரும் (நானும்தான்) ஒரே பல்லவியைப் பாடுகிறோம். தொன்மையான கலை, நலிந்துவரும் கலை, காப்பாற்றப்பட வேண்டிய கலை. ஐ.சி.யு.வில் படுத்திருக்கும் தாத்தாவைப் பற்றிப் பேசுகிற மாதிரி ஒரு குரல். சென்னைக்குக் கூப்பிட்டு, எட்டு மணி நேர ஆட்டத்தை நாற்பத்தைந்து நிமிஷமாக நறுக்கச் சொல்லி, பொன்னாடை போர்த்தி, "அற்புதம்" என்று கைதட்டி அனுப்பிவிடுகிறோம். இன்றைய துரியோதனன் எப்படி? வசனம் தெளிவாக இருந்ததா? பாட்டு சுருதியில் நின்றதா? யாரும் கேட்பதில்லை. சபா நாடகத்தை, சினிமாவை, கச்சேரியை எல்லாம் கிழிக்கிற நாம் கூத்தை மட்டும் கிழிப்பதில்லை. காரணம் மரியாதை இல்லை. அதை ஒரு நாடகமாகவே நாம் எடுத்துக்கொள்வதில்லை.

அதனால் அன்று ராத்திரி நான் பார்த்ததை நாடகம் பார்த்தவனாகவே எழுதுகிறேன். கம்பெனியின் பெயர் வேண்டாம். உழைக்கிறவர்கள், கோபித்துக்கொள்வார்கள்.

முதல் குறை, மைக். முகவீணை, ஹார்மோனியம், மிருதங்கம், டோலக், தாளம். இந்த ஐந்தும் திறந்தவெளியில் அரை மைல் கேட்கும். கூத்துக்காரர் குரலும் அப்படித்தான், உச்ச ஸ்தாயியில்தான் பாடுவார்கள். அதற்கும் மேலே நாலு குழாய் ஸ்பீக்கர் கட்டினால் என்ன ஆகும்? நடிகர்கள் தொங்கும் மைக்குக்குக் கீழேயே வந்து வந்து நின்றார்கள். கிறுகிறுவென்று சுழல வேண்டிய ஆட்டம் ஒரு கம்பத்தில் கட்டிப்போட்ட மாதிரி ஆகிவிட்டது.

இரண்டாவது, கட்டியக்காரன். கூத்தின் உயிர் அவன். ராஜாவை அறிமுகப்படுத்துவான், கேலி பண்ணுவான், கதைக்கு உள்ளே நின்றுகொண்டே வெளியே இருக்கிற நம்மிடம் பேசுவான். அன்று முதல் ஒரு மணி நேரம் சினிமா மெட்டும் ரெட்டை அர்த்தமுமாக ஓடியது. முன்வரிசைப் பசங்கள் விசிலடித்தார்கள். பின்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு வெற்றிலை மடித்தார்கள். அரங்கத்தில் பாதிப்பேரை வெளியே தள்ளுகிற ஜோக் எனக்கு ஜோக்காகப் படவில்லை.

ஆனால் அதே ஆள், நடுராத்திரிக்கு மேல், சூதாட்டக் காட்சியில் ஒன்று செய்தார். ஆன்லைன் ரம்மி ஊர் ஊராகப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்த வருஷம் அது. தருமர் நாட்டை வைத்துத் தோற்கிறார். தம்பிகளை வைத்துத் தோற்கிறார். கட்டியக்காரன் பக்கத்தில் போய் மெதுவாக, "ராஜா, எங்க ஊர்ல செல்போன்ல சீட்டாடறவன்கூட வண்டியோட நிறுத்திக்கினான். நீங்க வூட்டு வரைக்கும் வந்துட்டீங்களே" என்றார்.

சிரிப்பு கிளம்பியது. கிளம்பிய சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. அந்தக் கூட்டத்தில் யார் யார் வீட்டில் என்னென்ன போயிருந்ததோ! எனக்கு முன்னால் இருந்த ஒரு பெண் பக்கத்தில் இருந்த புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அவ்வளவுதான். ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த ஒரு நிமிஷம் மேடையில் நடந்தது பழைய நாடகமா, புது நாடகமா?

*

இந்தக் கேள்வி இந்த ஊருக்குப் புதுசு இல்லை.

ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் 'மத்தவிலாசப் பிரகசனம்' என்று ஒரு நாடகம் எழுதினான். வடமொழி. கதை நடப்பது காஞ்சிபுரத் தெருவில். குடித்துவிட்டுத் தள்ளாடும் ஒரு காபாலிகன் தன் கபாலத்தைத் தொலைத்துவிட்டு ஒரு புத்த பிக்குவைத் திருடன் என்று பிடித்துக்கொள்கிறான். பஞ்சாயத்துப் பண்ண ஒரு பாசுபதன் வருகிறான். கடைசியில் பார்த்தால் கபாலத்தைத் தூக்கிப் போனது ஒரு நாய். அதைக் கொண்டுவந்து சேர்ப்பது ஒரு பைத்தியக்காரன். ராஜாவே தன் தலைநகரத்துச் சாமியார்களை இப்படிக் கிண்டலடித்து எழுதியிருக்கிறான்! செவிலிமேட்டுப் பாலத்தைத் தாண்டி வந்தவாசி ரோட்டில் போனால் மாமண்டூர் குடைவரைகள் வரும். அங்கே சிதைந்துபோன ஒரு கல்வெட்டில் மத்தவிலாசத்தின் பெயர் இருக்கிறது. இன்று நாம் அதை 'கிளாசிக்' என்கிறோம். எழுதிய அன்றைக்கு அது அந்த வாரத்துச் செய்தி.

அப்புறம் இதே காஞ்சிபுரத்து அண்ணாதுரை. 'சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்' எழுதி, தானே காகபட்டராக நடித்தார். அதில் சிவாஜியாக நடித்த கணேசன்தான் பிறகு பெயரோடு சிவாஜியைச் சேர்த்துக்கொண்டார். கே.ஆர்.ராமசாமி குழுவுக்கு எழுதிய 'ஓர் இரவு' பெயருக்கேற்றபடி ஒரே ராத்திரியில் நடக்கும் கதை. அண்ணா நாடகம் எழுதியது கலைச்சேவைக்காக மட்டும் இல்லை, ஜனங்களிடம் அவருக்குச் சொல்ல விஷயம் இருந்தது. கேட்க அவர்களுக்கும் அவசரம் இருந்தது.

பழசு, புதுசு என்பதை நாம் எழுதிய வருஷத்தை வைத்துப் பிரிக்கிறோம். கூத்து பார்க்கிற ஜனங்கள் அப்படிப் பிரிப்பதில்லை. கர்ண மோட்சத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாரதத்தில் மட்டும் இல்லை, வீட்டில் சாவு விழுந்தால் கருமாதிக்கும் அதை ஆடச் சொல்லிக் கூப்பிடுவார்கள். கர்ணனுக்கு மோட்சம் கிடைக்கிற ராத்திரியில் நம் அப்பாவுக்கும் கிடைக்கட்டும் என்று. அந்த நாடகத்தின் நடுவில் இருப்பது போர் இல்லை, ஒரு புருஷன் பெண்டாட்டி சண்டை. பிறப்பு தெரியாதவன் என்று கர்ணனைக் கேவலமாகப் பார்க்கும் பொன்னுருவி. அவன் யார் என்று தெரியும்போது அவன் சாகப் போகிறான். பெண் கொடுக்கும்போது இன்றைக்கும் என்ன விசாரிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு இதைப் பார்த்துவிட்டு, இது பழைய நாடகம் என்று யாராவது சொல்லுங்கள்.

*

புது நாடகங்களும் வந்தன. வராமல் இல்லை.

1970-களின் நடுவில் சென்னைக்கு வந்து ஆடிய புரிசை நடேச தம்பிரானின் கூத்தைப் பார்த்து அசந்துபோனார் ந.முத்துசாமி. நம்முடைய நாடகம் இதுதான் என்று கட்டுரை கட்டுரையாக எழுதினார். 1977-ல் கூத்துப்பட்டறை பிறந்தது. 2018-ல் அவர் காலமாகும் வரை அந்தப் பித்து தெளியவில்லை. அந்த வழியாக நகரத்து நாடகக்காரர்கள் செய்யாறு பக்கத்துப் புரிசைக்குப் போனார்கள். புரிசைக்காரர்கள் பெர்டோல்ட் பிரெக்டின் நாடகத்தை 'வெள்ளை வட்டம்' என்று கூத்தாக ஆடினார்கள். மார்க்வெஸின் கதையையும் விடவில்லை. கண்ணப்ப தம்பிரான் நினைவாகப் புரிசையில் நடக்கும் விழாவில் கூத்தும் நவீன நாடகமும் அடுத்தடுத்து மேடையேறும். பார்க்க வருகிறவர்களில் முக்கால்வாசி அந்த ஊர் ஜனங்கள்தான். தரையில் உட்கார்ந்து ரெண்டையும் ஒரே முகத்தோடு பார்ப்பார்கள்.

பிரெக்ட் ஏன் பொருந்தினார்? ஒரு பிள்ளை, ரெண்டு தாய். தரையில் ஒரு வட்டம் போட்டு, நடுவில் பிள்ளையை நிறுத்தி, ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுக்கச் சொல்கிறார் நீதிபதி. வலிக்குமே என்று கையை விட்டவள்தான் தாய். பிரெக்ட் இதைச் சீன நாடகத்திலிருந்து எடுத்தார். அவர் போன வழியே ஊர்ச்சனங்களின் வழிதான். நடிகன் கதையை நிறுத்திவிட்டுப் பார்வையாளனிடம் பேச வேண்டும் என்று அவர் பக்கம் பக்கமாக எழுதியதைக் கட்டியக்காரன் யாரையும் கேட்காமல் செய்துகொண்டிருந்தான்.

பொருந்தாததும் உண்டு. ஒருமுறை ஒரு 'விழிப்புணர்வுக் கூத்து' பார்த்தேன். யார் செலவில் நடந்தது என்பது வேண்டாம். கிரீடம், கட்டை, முகவீணை எல்லாம் இருக்கிறது. கிருஷ்ணர் வந்து ஜனங்களைப் பார்த்து வீட்டுக்கு வீடு கழிப்பறை கட்டச் சொல்கிறார். கழிப்பறை அவசியம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கிருஷ்ணருக்குச் சொல்வதற்குச் சுற்றறிக்கை இருந்தது, கதை இல்லை. ஜனங்கள் பத்து நிமிஷத்தில் எழுந்து போனார்கள். தீர்ப்பு எழுத அவர்களுக்குப் பேனா தேவைப்படவில்லை.

காஞ்சிபுரத்துப் புடவைக்காரர்களைக் கேட்டால் வித்தியாசத்தைச் சொல்வார்கள். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். தறியிலேயே ரெண்டையும் ஊடையால் கோத்து நெய்தால் அது கோர்வை. இழுத்தாலும் பிரியாது. அதில்லாமல் கரையைத் தனியாக வாங்கி ஒட்டுத் தைத்தால், பார்க்க அதேதான். நாலு தடவை கட்டினால் தையல் பல்லைக் காட்டும்.

*

இனி, அந்த ராத்திரிக்கு வருகிறேன்.

அன்று திரௌபதி வேஷம் கட்டியது ஒரு பெண்.

இது சின்ன விஷயம் இல்லை. கூத்தில் பெண் வேஷத்தைக் காலங்காலமாக ஆண்கள்தான் கட்டினார்கள். ராத்திரி முழுக்க ஊர் ஊராகப் போகிற தொழில், பொம்பளைக்கு ஆகாது என்று எழுதாத சட்டம். 2002-ல் கட்டைக்கூத்துச் சங்கம் புஞ்சரசந்தாங்கலில் ஒரு குருகுலம் தொடங்கியது. பத்து வயசில் கூத்துக்கு வந்த பி.ராஜகோபாலும், நெதர்லாந்திலிருந்து கூத்தை ஆராய வந்து இங்கேயே தங்கிவிட்ட ஹன்னே டி ப்ரூயினும் சேர்ந்து நடத்தினார்கள். பாடப் புத்தகமும் உண்டு, அடவும் உண்டு. முக்கியமாகப் பெண் பிள்ளைகளும் உண்டு. அங்கே கற்ற பெண்கள், துரியோதனன் துச்சாதனன் உட்பட எல்லா வேஷத்தையும் தாங்களே கட்டி, முழுக்கப் பெண்களே ஆடுகிற பகடை துகிலையும் மேடையேற்றிவிட்டார்கள். 2020-ல் குருகுலம் மூடப்பட்டது. அங்கே படித்தவர்கள் இன்னும் ஆடுகிறார்கள். புதிதாக ஒரு பத்து வயசுப் பெண் கூத்துக் கற்றுக்கொள்ள வேண்டுமென்றால் எங்கே போவாள் என்ற கேள்வி மட்டும் நிற்கிறது.

மணி மூன்றரை. சபைக்குத் திரௌபதியை இழுத்து வருகிறான் துச்சாதனன். தன்னையே வைத்துத் தோற்றவனுக்கு, அதன் பிறகு என்னை வைக்க ஏது உரிமை என்று கேட்கிறாள். சட்டக் கல்லூரியில் இன்றைக்கும் விவாதிக்கலாம். ஆண் நடிகர் கேட்டு இந்தக் கேள்வியைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒப்பாரி மாதிரி நீட்டி முழக்குவார்கள். இந்தப் பெண் நீட்டவில்லை. பாட்டை நிறுத்திவிட்டு வசனமாகக் கேட்டாள். பீஷ்மர் வேஷக்காரரைப் பார்த்து ஒரு தடவை, துரோணரைப் பார்த்து ஒரு தடவை. மூன்றாவது தடவை எங்களைப் பார்த்து.

அப்புறம் துச்சாதனன் ஆட்டத்தை நிறுத்தினார். ஒரு தட்டில் கற்பூரம் வந்தது. கையெடுத்துக் கும்பிட்டார். அம்மா, இது வேஷம், இது என் தொழில், பிழை பொறுத்துக்கொள். சேலையைத் தொடும் முன் கூத்தில் இதைச் செய்யாமல் யாரும் தொடமாட்டார்கள். கூட்டத்தில் ரெண்டு பெண்களுக்குச் சாமி வந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

ஆண் திரௌபதிக்கு முன்னால் அந்தக் கற்பூரம் தெய்வத்துக்கு. அன்று அது ஒரு பெண்ணுக்கும் சேர்த்து ஏற்றியதாக எனக்குப் பட்டது. ஒரு பெண்ணின் சேலையில் கை வைக்கும் முன், ஊர் முன்னால், ஒரு ஆண் மன்னிப்புக் கேட்கிறான். ஒரு வரி மாறவில்லை. ஒரு அடவு மாறவில்லை. ஆடுகிற ஆள் மாறியதும் நாடகமே புதுசாகிவிட்டது. புதுக் கதை, புது வசனம் என்று தேடிக்கொண்டிருந்த எனக்கு அந்த ராத்திரி கிடைத்த பாடம் இதுதான்.

அப்புறம் சேலை உருவல். ஒன்றன்மேல் ஒன்றாக வந்துகொண்டே இருந்தது. அவள் ரெண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கிருஷ்ணனைக் கூப்பிட்டாள். முகவீணை அலறியது. துச்சாதனன் களைத்து விழுந்தான். கூந்தலை விரித்துச் சபதம் போடும்போது கிழக்கே வெளுத்துவிட்டது.

*

கூட்டம் கலைகிறபோது நம்ம நெசவாளியைப் பார்த்தேன். கூடவே அவர் மனைவி. கடைசி வரிசையில் நின்றே பார்த்திருக்கிறார்கள்.

"எப்படிம்மா இருந்தது?" என்றேன், அந்த அம்மாவிடம்.

"பொண்ணு நல்லாதான் பண்ணிச்சு. தொண்டை நல்லா இருக்குது. ஆனா ஒண்ணு தப்பு சார்."

"என்ன தப்பு?"

"மூணாவது இழுப்புலயே முந்தானைய விட்டுட்டு ரெண்டு கையையும் தூக்கிடுச்சு. பொம்பள யாரும் விடமாட்டா சார். கடைசி வரைக்கும் கெட்டியா புடிச்சுக்கினுதான் இருப்பா."

"ரெண்டு கையையும் விட்டு சரணாகதின்னு நின்னாத்தானேம்மா கிருஷ்ணர் வருவார்? கதையே அதானே?"

அந்த அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். "அது ஆம்பளைங்க சொன்ன கதை. ஒரு கையில புடிச்சிக்கினே கூப்ட்டா அவரு வரமாட்டாரா?"

நெசவாளி ஒன்றும் சொல்லவில்லை. சேலையின் பாதியை நெய்கிறவர் அந்த அம்மா. உரிமை இருக்கிறது.

இதைத்தான் சொல்ல வந்தேன். கூத்துக்கு விமர்சகர்கள் இல்லை என்று யார் சொன்னது? இருக்கிறார்கள், நின்றுகொண்டே பார்க்கிறார்கள், விடியும்போது தீர்ப்புச் சொல்கிறார்கள். பொன்னாடையோடு போகிற நாம்தான் வாயை மூடிக்கொண்டு வருகிறோம். கலையைக் காப்பாற்றுகிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். ஒரு ராத்திரி முழுசாக உட்காருங்கள். பிடித்தால் பிடித்தது என்றும், பிடிக்காவிட்டால் ஏன் என்றும் அவர்கள் முகத்துக்கு நேரே சொல்லுங்கள். நடிகருக்கு அது போதும்.

கொட்டகைக்குப் பின்னால் வேனில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். திரௌபதி ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து தேங்காயெண்ணெய் தொட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பாதி முகம் திரௌபதி, பாதி முகம் இருபத்தைந்து வயசுப் பெண். தயங்கித் தயங்கி அந்த அம்மா சொன்னதைச் சொன்னேன்.

துடைப்பதை நிறுத்தினாள். இடது கையால் துப்பட்டாவை மார்போடு இறுக்கிப் பிடித்து, வலது கையை மட்டும் மேலே தூக்கிப் பார்த்தாள். இன்னொரு தடவை செய்து பார்த்தாள்.

"இன்னிக்கு ராத்திரி வேற ஊரு சார். அங்கயும் பகடை துகில்தான்" என்றாள். "புடிச்சுக்கினே கூப்ட்டுப் பாக்கறேன்."